பதவியுயர்வுப் பட்டியலும் ஏழு டொலர் சம்பளமும்

போரின் வரலாறு என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன பீரங்கிப் புகையும், குதிரைமீது வீற்றிருக்கும் தளபதியும், வீழ்ந்த கோட்டையின்மீது ஏறும் கொடியுமே. அப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் நாட்டின் சட்டசபை நாள்தோறும் கூடிச் செய்த அலுவல்களை எவரும் வரலாறாகக் கொள்வதில்லை. மனுக்கள் வாசிக்கப்பட்டன, மசோதா குழுவுக்கு அனுப்பப்பட்டது, இராணுவ அதிகாரிகளின் பதவியுயர்வுப் பட்டியல் அங்கீகரிக்கப்பட்டது, சபை ஒத்திவைக்கப்பட்டது என்று செல்லும் அக்குறிப்புகளைப் புரட்டுபவன் இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவான். 'வழமையான அலுவல்' என்னும் பெயரே அவற்றை வாசியாது விடுவதற்குப் போதிய நியாயமாகக் கொள்ளப்படுகிறது.

இது தவறான பழக்கம் மட்டுமன்று, தீங்கான பழக்கமுமாகும் என்பதே நமது கருத்து. போர்க்காலத்தில் ஓர் அரசு எழுப்பும் முழக்கங்கள் எல்லோருடைய பெயராலும் எழுப்பப்படுகின்றன. தேசம், சுதந்திரம், தியாகம் ஆகிய சொற்களிலே வர்க்கமும் நிறமும் தென்படுவதில்லை. ஆனால், யாருக்குக் கேணல் பதவி, யாருக்கு மாதம் எத்தனை டொலர், யார் பணங்கட்டிப் போரிலிருந்து தப்பலாம் என்று எழுதவேண்டி வரும்போது அதே அரசு தன்னை மறைத்துக்கொள்ள முடிவதில்லை. மேடையில் மறைக்கப்படுவது சம்பளப் பட்டியலில் வெளிப்பட்டுவிடுகிறது. சுற்றுநிருபத்துக்கும் சம்பளத் திட்டத்துக்கும் பதவியுயர்வுப் பட்டியலுக்கும் நடுவே வாழ்கின்ற ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வுண்மை விளங்காமற் போவது வியப்பே.

அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொள்வோம். 1861 ஏப்ரிலில் தொடங்கி, 1865 ஏப்ரிலில் தெற்கின் பெரும்படை சரணடைந்ததோடு முடிவை எய்திய அப்போரைப் பற்றி நம் மாணவர் மூன்று வாக்கியங்களை மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். லிங்கன் அடிமைகளை விடுவித்தார், கிறான்ற் போரில் வென்றார், லீ சரணடைந்தார். மூன்றும் பொய்யல்ல. ஆயினும் மூன்று வாக்கியங்களிலும் எழுவாயாக நிற்பவர் ஒரு பெரிய மனிதரே. வடபுலப் படையிற் சேர்ந்து போரிட்ட ஏறத்தாழ 180,000 கறுப்பின வீரர்களோ முதல் வாக்கியத்திலே செயப்படுபொருளாக மாத்திரம் வந்து போகின்றனர். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இதனை வெறும் இலக்கணமாகக் கருத இயலவில்லை. யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்பதைத் தீர்மானித்த இடங்களுள் ஒன்று வாஷிங்டனிலிருந்த காங்கிரசின் 'வழமையான அலுவல்' என்பதைக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலிற் பதவியுயர்வைப் பார்ப்போம். தொண்டர் படையணிகளிலே கேணல் வரையிலான பதவிகளை அந்தந்த மாநில ஆளுநர் வழங்கினர். ஜெனரல் பதவிக்கு ஜனாதிபதி பெயர் குறிப்பிடவேண்டும். செனற் சபை சம்மதிக்கவேண்டும். பட்டியல் சபைக்கு வரும்; இராணுவ விவகாரக் குழுவுக்குச் செல்லும்; அங்கிருந்து மீளும்; பூட்டிய கதவுகளுக்குப் பின்னே வாக்கெடுப்பு நடைபெறும். இத்தகைய அமர்வுகளைப் பொதுமக்கள் காணலாம் என்ற வழக்கம் 1929 இலேதான் ஏற்பட்டது. போர்க்காலத்தில் அக்குழுவின் தலைவராயிருந்த மசாசூசெற்ஸ் அங்கத்தவர் ஹென்றி வில்சன் இளமையிற் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவர். அடிமை முறையின் தீராத பகைவர். எனவே, நாம் சொல்ல வருவது கெட்ட மனிதரின் கதையன்று. நல்ல மனிதர் தலைமை தாங்கிய குழுவின் வழியாகவும் ஒரு சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வு எவ்வாறு எளிதாகப் பாய்ந்து செல்கிறது என்பதன் கதையே இது.

1861 மே மாதத்தில் மேஜர் ஜெனரல் பதவி பெற்றோருள் இருவரைக் குறிப்பிடலாம். ஒருவர் பெஞ்சமின் பட்லர். மற்றவர் நதானியல் பாங்ஸ். முன்னவர் வழக்கறிஞர், ஜனநாயகக் கட்சி அரசியல்வாதி. பின்னவர் பிரதிநிதிகள் சபையின் முன்னாட் சபாநாயகர், மசாசூசெற்சின் முன்னாள் ஆளுநர். பெருஞ்சேனையை நடத்திய அனுபவம் இருவருக்கும் இல்லை. வாக்கு வங்கி இருந்தது. கட்சியும் மாநிலமும் பின்னால் நின்றன. டானியல் சிக்கிள்ஸ் என்பவர் 1859 இல் தன் மனைவியின் காதலனை வாஷிங்டன் வீதியிற் பட்டப்பகலிலே சுட்டுக்கொன்று, சித்தம் கலங்கியிருந்தது என்னும் வாதத்தால் விடுதலை பெற்றவர். அவருடைய ஜெனரல் நியமனத்தைச் செனற் சபை 1862 மார்ச்சில் மறுத்தது. இரண்டு மாதங் கழிந்ததும் அதே சபை ஏற்றது. போரை வெல்ல எல்லாக் கட்சியினரையும் அணைத்துச் செல்லவேண்டும் என்பதே இந்நியமனங்களுக்குக் கூறப்பட்ட நியாயம். அந்நியாயத்திலும் உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அரசியல்வாதிக்கு நட்சத்திரம் சூட்டியபோது கேட்கப்படாத 'தகுதி' என்னும் கேள்வி, கறுப்பின மனிதன் வாசலில் வந்து நின்றபோது மட்டும் எங்கிருந்து வந்தது என்பதே நமது வினா.

1862 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரிலே பட்லர் கறுப்பினத்தவர் கொண்ட படையணிகளை அமைத்தார். அவற்றில் ஏறத்தாழ 75 கறுப்பின அதிகாரிகள் இருந்தனர். பட்லருக்குப்பின் அங்கு தளபதியாக வந்தவர் பாங்ஸ். இவர் சிறுவயதிலே பஞ்சாலையில் வேலை செய்தவர். அதனையே தம் அரசியல் வாழ்வின் பெருமையாகக் கொண்டவர். அந்தப் பஞ்சாலைச் சிறுவர் வந்து செய்த காரியங்களுள் ஒன்று, கறுப்பின அதிகாரிகளைத் தகுதிப் பரீட்சை என்றும் ஒழுங்கு என்றும் நெருக்கி, ஒருவர்பின் ஒருவராக விலகச் செய்தமையாகும். 1863 மே 27 ஆம் திகதி, அதே பாங்சின் கட்டளைப்படி போர்ட் ஹட்சன் அரண்மீது தாக்குதல் நடைபெற்றது. அதில் முன்னணியிற் சென்றவர் கப்டன் அன்றே கையூ. அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்ற சுருட்டுத் தொழிலாளி அவர். கையில் குண்டு பட்டபின்னும் தம் வீரரை அழைத்துச் சென்று களத்திலே வீழ்ந்தார். அரண் பணியும்வரை நாற்பது நாளுக்கு மேலாக அவருடைய உடல் வெயிலிலே கிடந்தது. பாங்சோ மறுவருடம் செம்மையாற்றுப் படையெடுப்பிலே தோல்வியுற்றார், களத்தலைமையை இழந்தார், பதவியை இழக்கவில்லை. போர் முடிந்ததும் காங்கிரசுக்கு மீண்டுந் தெரிவானார். தகுதிப் பரீட்சை யாருக்காக வகுக்கப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டல் இயலாது.

பிரெடறிக் டக்ளஸ் அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து, அந்நூற்றாண்டின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராய் விளங்கியவர். தம் சொந்தப் புதல்வருள் இருவரைப் படைக்கு அனுப்பியவர். 1863 ஓகஸ்டில் அவருக்கு அதிகாரிப் பதவி அளிப்பதாகப் போர்ச் செயலாளர் வாக்களித்தார். அதனை நம்பி டக்ளஸ் தமது பத்திரிகையையும் நிறுத்தினார். தெற்கே செல்லுமாறு கட்டளை வந்தது. பதவிப் பத்திரம் வரவேயில்லை. பட்டியலில் இடம்பெற்ற பெயர்களை மட்டும் படிப்பவன் வரலாற்றிற் பாதியையே படிக்கிறான். இடம்பெறாத பெயர்களையும் படித்தல் வேண்டும்.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். 1862 யூலை 17 ஆம் திகதிய சட்டத்தின்படி, படைச்சேவையிற் சேரும் ஆபிரிக்க வமிசத்தவருக்கு மாதச் சம்பளம் 10 டொலர். அதிலும் 3 டொலர் உடுப்புக்காகக் கழிக்கப்படலாம். கைக்கு வருவது 7 டொலர். வெள்ளைச் சிப்பாய்க்கோ 13 டொலர். உடுப்புப் படி வேறு. வெள்ளைச் சார்ஜன் 17 டொலர் பெற, கறுப்பினச் சார்ஜனுக்கும் அதே 7 டொலர்தான். மண்வெட்டும் கூலியாட்களை எண்ணி எழுதப்பட்ட வாசகம், துப்பாக்கி ஏந்திய வீரனுக்கும் பொருந்தும் எனப் போர்த் திணைக்களம் 1863 இல் வியாக்கியானஞ் செய்தது. குண்டு இருவர் நெஞ்சையும் ஒரேவிதமாகவே துளைத்தது. கணக்கர் மட்டுமே வேறுபடுத்திப் பார்த்தார்.

இவ்விடத்தில் மசாசூசெற்சின் 54 ஆவது படையணி செய்த செயல் உலகத் தொழிலாளர் வரலாற்றிலே பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத்தக்கது. சம சம்பளம் என்ற வாக்குறுதியை நம்பிச் சேர்ந்தவர் அவர்கள். 1863 யூலை 18 ஆம் திகதி வாக்னர் கோட்டையின் மதிலிலே இரத்தஞ் சிந்தினர். பின்னர் சம்பளம் வழங்க வந்த அதிகாரி ஏழு டொலரை நீட்டியபோது அதனைத் தொட மறுத்தனர். குறைந்த தொகையைத் தானே ஈடுசெய்வதாக மாநில அரசு முன்வந்தது. அதனையும் மறுத்தனர். அவர்கள் கேட்டது ஆறு டொலரன்று. தாம் கூலியாட்களல்லர், போர்வீரர் என்ற ஒப்புதல். ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் ஒரு சதமும் பெறாமல் அவர்கள் போரிட்டனர். வீட்டிலே மனைவி மக்கள் பட்டினி கிடந்தனர். படையணியைச் சேர்ந்த கோப்ரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங், 1863 செப்டெம்பரில் லிங்கனுக்கே கடிதம் எழுதி, நாம் போர்வீரரா, கூலியாட்களா என்று வினவினார். 1864 பெப்ரவரியில் ஒலஸ்டி என்னுமிடத்திலே சிறைப்பட்ட அவர், அதே ஆண்டு யூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மாண்டார். கேட்ட கேள்விக்குரிய பணம் அவர் கையை அடையவேயில்லை.

தென் கரோலினாவின் 3 ஆவது படையணியைச் சேர்ந்த சார்ஜன் வில்லியம் வாக்கரின் கதை இன்னுங் கொடியது. வாக்குறுதியளித்தபடி சம்பளந் தராத அரசுக்குத் தாம் கடமைப்பட்டவரல்லர் எனக் கூறி, 1863 நவம்பரில் தம் தோழரை அழைத்துச் சென்று, கேணலின் கூடாரத்தின்முன் துப்பாக்கிகளைக் குவித்து வைத்தார். இராணுவ நீதிமன்றம் இதனைக் கலகம் என்றது. அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவர் சுட்டுக்கொல்லப்பட்ட அதே வாரத்தில் வாஷிங்டனில் நடந்ததென்ன? 1864 பெப்ரவரி 29 ஆம் திகதி, லெப்டினன்ற் ஜெனரல் என்னும் உயர்பதவியை மீண்டும் ஏற்படுத்தும் சட்டத்திலே லிங்கன் கையொப்பமிட்டார். மார்ச் 2 ஆம் திகதி கிறான்றின் நியமனத்தைச் செனற் சபை அங்கீகரித்தது. கிறான்ற் அப்பதவிக்குத் தகுந்தவரே; அதிற் குறைசொல்வதற்கில்லை. ஆனால், உச்சியில் ஒருவருக்காகப் புதியதொரு பதவியைப் படைக்கச் சபைக்கு நேரம் கிடைத்தது. அடியிலிருந்த பல்லாயிரவரின் ஆறு டொலரோ அப்போதும் விவாதத்திலேயே இருந்தது. சம சம்பளத்துக்கான தீர்மானத்தை வில்சன் கொண்டுவந்தார். பழைய நிலுவையையும் கொடுப்பதா என்ற கேள்வியில் அது சிக்கிக்கொண்டது. நிதிக்குழுத் தலைவர் பெசென்டன் முதலியோர் திறைசேரியின் பாரத்தை எண்ணித் தயங்கினர். வாரங்கள் மாதங்களாயின. அதே ஆண்டு வசந்தத்தில், மேஜர் தரத்திலிருந்த கறுப்பின வைத்தியர் அலெக்சாண்டர் ஒகஸ்ராவுக்குச் சம்பள அதிகாரி கணக்கிட்டு நீட்டியதும் அதே ஏழு டொலர்தான்! தோளிலே மேஜரின் சின்னம், கையிலே கூலியாளின் சம்பளம். அவர் வில்சனுக்கு முறையிட்டே நீதி பெறவேண்டியிருந்தது.

முடிவில், 1864 யூன் 15 ஆம் திகதி சம சம்பளம் சட்டமாயிற்று. எவ்வாறு ஆயிற்று என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். மனித சமத்துவப் பிரகடனமாக அது வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான இராணுவச் செலவின ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வாசகங்களுள் ஒன்றாகவே வந்தது. கொட்டாவி விடச்செய்யும் அதே வழமையான அலுவலிலேதான்! அங்கும் ஒரு முள் வைக்கப்பட்டிருந்தது. எல்லோருக்கும் 1864 ஜனவரி முதலாந் திகதியிலிருந்தே சம சம்பளம். 1861 ஏப்ரில் 19 ஆம் திகதி சுதந்திரராய் இருந்தோருக்கு மட்டுமே சேர்ந்த நாளிலிருந்து முழு நிலுவை என்று பாகுபாடு செய்யப்பட்டது. ஒரே படையணியில், ஒரே பதுங்குகுழியிற் கிடந்தோரிடம் 'அன்று நீ யாருடைய அடிமை?' என்று கேட்கத் துணிந்தது சட்டம். 54 ஆவது படையணியின் கேணல் எட்வேட் ஹலோவெல் ஒரு சத்தியவாசகத்தை ஆக்கினார். அந்நாளில் தன்னிடம் ஊதியமின்றி வேலை வாங்கும் உரிமை எவனுக்கும் இருக்கவில்லை என்று ஒவ்வொருவனும் ஆணையிட்டாற் போதும். சட்டத்தின் கண்ணில் அடிமையாயிருந்தவனும் மனச்சாட்சிக்கு மாறின்றி அவ்வாணையை இட்டான். எவனும் எவனுக்கும் உடைமையாகான் என்ற பேருண்மையைச் செனற் சபையின் எந்தச் சொற்பொழிவையும்விட அச்சம்பளச் சத்தியம் நேர்த்தியாகக் கூறிவிட்டது. வாக்குறுதியளிக்கப்பட்ட ஏனைய படையணிகளுக்கு முழு நிலுவையும் கிடைக்க 1865 மார்ச்சில் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. அச்சட்டம் வந்தபோது வாக்கர் மண்ணோடு மண்ணாகி ஓராண்டு கடந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் நோக்குவோம். றிச்மண்டிற் கூடிய தெற்கின் காங்கிரசும் வழமையான அலுவல்களைக் குறைவின்றிச் செய்தது. 1862 ஒக்டோபரில் அது நிறைவேற்றிய சட்டம், இருபது அடிமைகள் கொண்ட தோட்டத்துக்கு ஒரு வெள்ளையனைக் கட்டாய இராணுவ சேவையிலிருந்து விடுவித்தது. வடக்கின் 1863 ஆம் ஆண்டுச் சட்டமோ, 300 டொலர் செலுத்துபவன் வீட்டிலிருக்கலாம் என்றது. அது ஒரு கூலித் தொழிலாளியின் ஏறத்தாழ ஓராண்டு ஊதியம். ஆள்வோன் எதனைச் செல்வமாக மதிக்கிறான் என்பது இவ்விரு சட்டங்களிலும் வெளியாகிறது. அங்கே அடிமை, இங்கே பணம். இறுதியில், தோல்வி வாசலில் வந்து நின்ற 1865 மார்ச் 13 ஆம் திகதி, அடிமைகளைப் படையிற் சேர்க்கும் சட்டம் தெற்கிலே கையொப்பமாயிற்று. அச்சட்டம் அவர்களுக்கு ஏனைய வீரருக்குரிய சம்பளத்தையே அளித்தது. விடுதலையை மட்டும் அளிக்கவில்லை. வடக்கு விடுதலை தந்து சம்பளத்தைக் குறைத்தது. தெற்கு சம்பளத்தை எழுதி விடுதலையை மறுத்தது. சமத்துவத்தின் பாதியை மட்டும் தருபவன் மற்றப் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நமது வாதத்துக்கு இரு திசைகளிலிருந்து மறுப்பு எழலாம். அடிமை முறையை ஒழித்த மாபெரும் போரிலே சம்பளக் கணக்கைத் தேடிக் குறைகாண்பது சிறுமையல்லவா என்பர் ஒரு சாரார். குறைகாண்பது நாமல்லேம், அக்குறையை நீக்கும்வரை கையை நீட்ட மறுத்த வீரர்களே. அவர்களுக்குச் சிறுமையாய்த் தோன்றாதது நமக்கு எவ்வாறு சிறுமையாகும்? மறு சாரார் நம்மவருள்ளேயே உளர். இரு பக்கமும் சுரண்டுவோரின் ஆட்சியே. எனவே இரண்டும் ஒன்றே என்று அவர்கள் ஒரே மூச்சிற் கூறிவிடுவர். இது முற்போக்குப்போலத் தோன்றும் சோம்பேறித்தனம். மார்க்ஸ் அவ்வாறு கூறவில்லை. 1864 இல் லிங்கன் மீண்டுந் தெரிவானபோது, சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் வாழ்த்துமடல் வரைந்தவர் அவரே. 1849 ஆம் ஆண்டு ஜேர்மன் எழுச்சியிலே எங்கெல்சைத் தம் துணை அதிகாரியாகக் கொண்டு போரிட்ட ஓகஸ்ட் வில்லிக், 1862 இல் வடபுலப் படையிலே பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தப்பட்டார். நாம் சலிப்போடு ஒதுக்கும் அப்பட்டியலிலே ஒரு பொதுவுடைமைவாதியின் பெயரும் உண்டு! வடக்கின் வெற்றி வேண்டப்பட்ட வெற்றியே. அவ்வெற்றிக்குள்ளேயே இன்னொரு போர் நடந்தது என்பதும், அது சம்பள மேசையின்முன் ஆயுதமின்றி நடத்தப்பட்டது என்பதும், அதிலும் உழைக்கும் மனிதனே வென்றான் என்பதுமே நாம் வற்புறுத்துவன.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, வகுப்பறையில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. போரைக் கற்பிக்கும்போது தளபதிகளின் பெயர்களோடு சம்பளப் பட்டியலையும் கரும்பலகையில் எழுதுவோம். 13, 10, 7 என்ற மூன்று இலக்கங்கள் போதும். ஏன் இந்த வேறுபாடு என்று மாணவன் கேட்பான். அக்கேள்வி பிறந்த கணமே அவன் மனனஞ் செய்வதை விட்டு வரலாற்றைக் கற்கத் தொடங்குகிறான். பின்னர் எந்நாட்டிலாயினும், எக்காலத்திலாயினும், போரின் பெயரால் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டும் வேளையில், அவன் அமைதியாக அமர்ந்து அன்றைய அலுவற் பத்திரத்தைக் கேட்டு வாங்கி வாசிப்பான். யார் உயர்த்தப்பட்டார், யார் விடப்பட்டார், யாருக்கு எவ்வளவு என்று பார்ப்பான்.

லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்னும் வாக்கியத்தை அழித்துவிடவேண்டியதில்லை. அதன்கீழ் இன்னொரு வாக்கியத்தையும் எழுதுவோம்: ஏழு டொலரைத் தொட மறுத்தவர்கள், தம்மை விடுவித்த அரசுக்கே சமத்துவம் இன்னதென்று கற்பித்தனர். இவ்வாக்கியத்தில் எழுவாய் அவர்களே.